பூச்சாடியும் இருமியதா?

என் அப்பா எங்களை அடித்தது கண் மங்கிப்போனதாலா, அல்லது கண் நன்றாக இருந்திருந்தாலும் அடித்திருப்பாரா? இதற்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. சும்மா நினைத்துப் பார்த்துவிட்டு விடக்கூடிய கேள்வியாக இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை அப்பா இலஞ்சியில் எங்கள் வீட்டோடு தங்க வருகிறார். என் மகளுக்கு இப்போதுதான் ஓடத் தெரிந்திருக்கிறது. ஓரிடத்தில் நிற்க மாட்டாள். அசைகிற பிள்ளைகள் என்றால் அப்பாவுக்கு ஆகாது.

அப்பா தென்காசியில் போட்டோ பிடித்தவர். இடி விழுந்து பிளந்து நின்ற கோயில் கோபுரம் தெரிகிற தெருவில், ஒரு மாடியில் ஸ்டுடியோ. கூரையின் ஒரு பக்கம் ஓட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி. அதன் கீழே வெள்ளைத் துணி கட்டி வெயிலை அடக்கியிருப்பார். சுவரை ஒட்டித் தூண்களும் தோட்டமும் வரைந்த திரை. திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் உயரமான ஸ்டூல், அதன்மேல் காகிதப்பூ வைத்த பீங்கான் பூச்சாடி. எதிரே, மூன்று கால் ஸ்டாண்டின்மேல் மரப்பெட்டிக் கேமரா. அதன் பின்புறம் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி ஒன்று இருக்கும். நாற்காலியில் இருப்பவர் அந்தக் கண்ணாடியில் தலைகீழாக விழுவார். போட்டோக்காரர் கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு, அதைப் பார்த்தபடியே பக்கத்திலுள்ள திருகைத் திருகுவார். உருவம் கலங்கும், தெளியும், மறுபடி கலங்கும். தெளிகிற இடத்தில் கையை நிறுத்த வேண்டும். பிறகு அந்த இடத்தில் படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டு போகும். கண்ணில் தவறியது பிளேட்டிலும் தவறிவிடும்.

நாற்பது வயதைத் தாண்டியபோது அப்பாவுக்கு அந்த இடம் பிடிபடாமல் போயிற்று. தூரப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. மாடி ஜன்னலில் நின்றபடியே குற்றாலத்து மலையில் வெள்ளைக் கோடாக அருவி விழுவதைப் பார்த்துச் சொல்வார். பக்கத்தில் உள்ளதுதான் தெரியவில்லை. பத்திரிகையைக் கை நீட்டிப் பிடித்தார். துணிக்குள் மூக்கு ஒட்டப் பார்த்தவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தார். அவர் நகர நகரத் துணி பற்றாமல் வெளிச்சம் உள்ளே புகுந்தது. தையல்காரரிடம் கொடுத்துத் துணிக்கு ஒட்டுப் போட்டு நீட்டினார். அடுத்த வருஷம் இன்னொரு ஒட்டு. கடைசியில் துணி எட்டியது, கை எட்டவில்லை. உருவம் தெரிகிற தூரத்தில் நின்றால் திருகைத் தொட முடியாது. திருகைத் தொட்டால் உருவம் தெரியாது. கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, கையை முன்னுக்கு நீட்டி அவர் உள்ளே படுகிற பாடு, வெளியிலிருந்து பார்த்தால் சாக்கில் கட்டிய பூனை திமிறுவதுபோல் இருக்கும். நான் சிரித்ததில்லை. சிரித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கினா என்ன?" என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். "கண்ணாடி மாட்டுன போட்டோக்காரன்ட்ட எவன்ட்டி படம் எடுக்க வருவான்? குருடன்ட்ட சவரம் பண்ணப் போவானா?" என்று கேட்டுக்கொண்டே கையில் இருந்த லென்ஸின் பித்தளை மூடியை வீசினார். அது அம்மாவின் புருவத்துக்கு மேலே பட்டுத் தோல் கிழிந்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிய, அம்மா குனிந்து மூடியைத் தேடி எடுத்து, நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து வைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கண் என்ற பேச்சே கிடையாது. படம் கலங்கினால் கலக்கியது எதிரே இருந்தவர்தான். "அசைஞ்சுட்டீய" என்பார் வாடிக்கையாளர்களிடம். அவர்களிடம் பெரும்பாலும் வார்த்தையோடு நின்றது. என்னிடம் கையும் சேர்ந்து வந்தது. வெளிச்சம் பார்ப்பதற்கு என்னைத்தான் முதலில் நாற்காலியில் உட்கார வைப்பார். படம் கலங்கி வந்தால் கூப்பிடுவார்.

"ஏட்டி, அசைஞ்சியா?"

"இல்லப்பா."

"அப்பம் நான் பொய் சொல்லுதேனா?"

காதோடு சேர்த்து ஒரு அறை விழும். அசைந்தேன் என்று ஒப்புக்கொண்டாலும் அதே அறைதான். மூச்சை அடக்கிக்கொண்டு, கண் இமைக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கப் பழகினேன். அப்போதும் படம் கலங்கியது. ஒருமுறை கடைத்தெரு வியாபாரி ஒருவரின் சின்னப் பிள்ளை நாற்காலியில் காலை ஆட்டியது என்று அப்பா அதன் தொடையில் ஓங்கி வைத்துவிட்டார். பிள்ளை மூச்சுவிடாமல் அழுதது. பெற்றவர் கோபப்படுவார் என்று நான் நடுங்கினேன். அவரோ, "நல்லா வையும் அண்ணாச்சி, இவன் அடிச்சாத்தான் அடங்குவான்" என்றார். அன்று எனக்கு விளங்கியது, இந்தக் கையைத் தடுக்க வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று.

ஸ்டுடியோவில் அம்மாவுக்கும் வேலை இருந்தது. பெண்கள் உட்கார்ந்தால் முந்தானையை ஒழுங்கு செய்வது அவள்தான். பிளேட்டைச் செருகுவதும் அவள்தான். அப்பா துணிக்குள்ளிருந்து வெளியே வந்து, முன்னால் போய், உட்கார்ந்திருப்பவரின் மோவாயை நிமிர்த்தி, தோளைத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அம்மா துணிக்குள் போவாள். கொஞ்ச நேரத்தில், பிளேட்டைச் செருகலாம் என்பதற்கு அடையாளமாக, உள்ளேயிருந்து "சரி" என்று குரல் வரும். அப்பா வந்து லென்ஸை மூடுவார், அம்மா பிளேட்டைச் செருகுவாள், அப்பா மூடியை எடுத்துக் காட்டி மறுபடி போடுவார். இதுதான் வழக்கம். எப்போதிருந்து என்று தெரியவில்லை, படங்கள் மறுபடி தெளிவாக வர ஆரம்பித்தன. அப்பாவின் முகம் தெளிந்தது. வீட்டில் பாத்திரம் பறக்கவில்லை. ஒருநாள் அம்மாவுக்குப் பின்னால் நின்றபோதுதான் கண்டேன். துணிக்குள் புடைத்துத் தெரிந்த அவள் வலது முழங்கை மெல்ல அசைந்தது. திருகைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்பா வைத்த இடத்திலிருந்து, சரியான இடத்துக்கு. "சரி" என்று அவள் சொன்னது பிளேட்டுக்கு அல்ல.

அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பி நாங்கள் இரண்டு பேரும் அடி இல்லாமல் இருந்தோம்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் அப்பா கேமராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு அருவிக்குப் போய்விடுவார். குளிக்க வருகிற பணக்காரக் குடும்பங்கள் அருவியைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும். அந்த வருஷம் திருநெல்வேலியிலிருந்து ஒரு வக்கீல் குடும்பம் வந்திருந்தது. பாறையில் வரிசையாக நின்றார்கள். அப்பா துணிக்குள் போய் வந்தார். அம்மா போனாள். வக்கீலின் அத்தை ஒருத்தி, வெற்றிலையை மென்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவள், உரக்கக் கேட்டாள்.

"எய்யா, படம் பிடிக்கது நீயா, உம் பொண்டாட்டியா? நீ வச்சிட்டு வாரே, அவ போயி மறுக்கா திருகுதா!"

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல், "அண்ணாச்சி சும்மா துணி காயப்போடுதாரு அத்தே, தொழில் ஆச்சி கையிலதான் இருக்கு" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்ததும் நான் பிளேட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

படத்தை எடுத்து முடித்தார். அவர்களுக்குக் கும்பிடு போட்டார். மரங்களுக்கு நடுவே பாதை திரும்புகிற இடத்துக்கு வந்ததும் சாமான்களை இறக்கி வைத்தார். ஸ்டாண்டைப் படுக்க வைத்து, பொறுமையாகத் திருகாணியைக் கழற்றி, அதன் ஒரு காலைத் தனியே எடுத்தார். "எத்தன நாளா நடக்கு?" என்று கேட்டார். அம்மா அந்தக் கட்டையைப் பார்த்தாள். பிறகு, "படம் நல்லா வந்துதுல்லா?" என்றாள். முதல் அடி தோளில் விழுந்தது. நான் பிளேட்டுப் பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா எனக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவில் வந்து நின்று வலது கையைத் தூக்கினாள். அடுத்த அடி அந்தக் கையில். அடுத்ததும் அதே இடத்தில். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அருவி இரைந்துகொண்டிருந்தது. அவள் வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன், அலறல் கேட்கவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் நின்று பார்த்தார். "புருசன் பொண்டாட்டி சண்ட, வாங்கலே" என்று தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா கீழே விழுந்த பிறகும் அப்பா நிறுத்தவில்லை. கட்டை ஈரத்தில் வழுக்கிக் கையைவிட்டுப் போனபோதுதான் நின்றார்.

வண்டியில் அவளைத் தாங்கி ஏற்றியதும் அவர்தான். "பாறையில வழுக்கிட்டா" என்று வண்டிக்காரரிடம் சொன்னார். வழியில் வண்டியை நிறுத்தி அவளுக்கு மங்குஸ்தான் பழம் வாங்கி, தோலை உரித்து ஊட்டவும் செய்தார். அம்மா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். இரண்டும் ஒரே கைதான் என்பதை அன்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அம்மா மறுபடி ஸ்டுடியோவுக்கு வந்தாள். அப்பா துணிக்குள் போய் வந்ததும், அவள் கேமராவுக்குப் பின்னால் போய் நிற்பாள். துணியைத் தொட மாட்டாள். "சரி" என்பாள். அவ்வளவுதான். படங்கள் பழையபடி கலங்கின. அப்பா பல்லைக் கடித்தார், கத்தினார், என்னை அறைந்தார். ஆனால் அவளிடம் போய்த் திருகு என்று மட்டும் சொல்ல அவரால் முடியவில்லை.

இப்படி இருக்கும்போது செங்கோட்டையிலிருந்து ஒரு பெரியவர் ரயிலேறி வந்தார். நெஞ்சு நோய்க்காரர், இரண்டு மகன்களும் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவருக்கு அதுவரை ஒரு படமும் எடுத்ததில்லை, கண்ணை மூடுவதற்குள் ஒன்று வேண்டும் என்று மகன்களுக்கு ஆசை. அப்பா எடுத்தார். அம்மா "சரி" சொன்னாள். படம் அவர்கள் கைக்குப் போவதற்குள் பெரியவர் இறந்துவிட்டார். கருமாதி முடிந்து, மொட்டைத் தலையோடு இரண்டு மகன்களும் மாடியேறி வந்தார்கள். மூத்தவர் படத்தை அப்பா முகத்துக்கு நேராக நீட்டினார்.

"எங்கய்யா மூஞ்சி எங்கன இருக்கு வேய்? காட்டும்."

"அவுக அசைஞ்சுட்டாவ தம்பி. இருமிக்கிட்டே இருந்தாவல்லா" என்றார் அப்பா.

மூத்தவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பெரியவரின் முகம் சிந்திய பால்போல் இருந்தது. பக்கத்தில் ஸ்டூலும், அதன்மேல் இருந்த பூச்சாடியும் அப்படியே கரைந்துபோயிருந்தன. பின்னால் திரையில் வரைந்திருந்த தூண்கள் மட்டும் கோடு கோடாகத் தெளிவாக நின்றன.

"சரி, எங்கய்யா இருமினாரு. இந்தப் பூச்சாடியும் இருமிச்சோ?"

இளையவர் அவரை அறைந்தார். அப்பா ஸ்டூலின்மேல் போய் விழுந்தார், பூச்சாடி உடைந்தது. தலைமயிரைப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தார்கள். பிளேட்டு அலமாரியைச் சாய்த்தார்கள். எத்தனையோ பேருடைய முகங்கள் தரையில் நொறுங்கின. அப்பா அந்தக் கண்ணாடித் துண்டுகளின்மேல் கையை ஊன்றி எழப் பார்த்தார், மூத்தவர் விலாவில் உதைத்தார். "மத்தவன் அப்பன்னா உனக்கு எளக்காரமாலே? சொல்லுலே, யாரு அசைஞ்சது?" அப்பா ரத்த வாயோடு, "அவுகதான்… அவுகதான் அசைஞ்சாவ" என்றார். இன்னும் அடி விழுந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். சுவரோரம் கோணல் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. வெகுநேரம் நின்றாள் என்று எனக்குத் தோன்றியது. பயத்தில் அப்படித் தோன்றியதோ என்னவோ. பிறகு நடுவில் வந்து மூத்தவர் கையைப் பிடித்தாள்.

"போதும்யா. அவுகளுக்குக் கண்ணு தெரியாது. பக்கத்துல இருக்கது ஒண்ணும் தெரியாது. ரொம்ப நாளாவே."

அந்த வார்த்தை விழுந்ததும் எல்லாம் நின்றது. அடி வாங்கும்போது மறைக்காத முகத்தை அப்பா அப்போதுதான் இரண்டு கையாலும் மறைத்தார். இளையவர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "முன்னாலயே சொல்லியிருந்தா என்ன ஆச்சி? எங்கய்யாவ வேற எங்கனயாவது கூட்டிட்டுப் போயிருப்போமே" என்றார். அம்மா குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

காயம் ஆறியதும் அப்பா திருநெல்வேலிக்குப் போய் மூக்குக்கண்ணாடியோடு திரும்பினார். நேரே மாடியேறி, அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத் துணிக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏட்டி, உன் நெத்தியில அந்தத் தழும்பு எப்பம் வந்துது?"

"வந்து ரொம்ப நாளாச்சு. நான் அசையாமத்தான் இருக்கேன், எடுங்க" என்றாள் அம்மா.

அந்தப் படம் மிகத் தெளிவாக வந்தது. ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அப்பாவுக்குத் தூரப் பார்வை எப்போதும் நன்றாகவே இருந்தது. மலையில் விழுகிற அருவி தெரிந்தவருக்கு, அறையின் அந்தக் கோடியில் நின்ற மனைவியின் நெற்றித் தழும்பு தெரியாமலா இருந்திருக்கும்? அதைக் காணாமல் இருந்ததற்குக் கண் மட்டுமா காரணம்?

அதன்பின் அப்பா எங்களை அடிக்கவில்லை. கை ஓங்கியதுகூட எனக்கு நினைவில்லை. கண்ணாடி வந்ததாலா, அன்று அடி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டதாலா, மறைக்க வேண்டிய ரகசியம் ஊருக்கே தெரிந்துபோனதாலா? மூன்றும் ஒரே சமயத்தில் வந்ததால் எதை எது மாற்றியது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் கல்யாணத்துக்கு முன் அம்மாவிடமே கேட்டேன். "அவ்வளவு யோசிச்சா ஒலை வைக்க முடியாதுட்டி" என்று சொல்லி அடுப்பில் தண்ணீரை ஏற்றினாள். என் மகள் பிறப்பதற்கு முந்தின வருஷம் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு விடை தெரிந்திருந்தால் அவளோடு போயிற்று.

இப்போது அப்பாவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. இந்த முறை தூரமும் இல்லை, பக்கமும் இல்லை, கண்ணாடி போட்டும் எல்லாம் புகைதான். புரை இன்னும் முற்றவில்லை, முற்றினால்தான் அறுக்கலாம், ஒரு வருஷமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடிப் படியில் ஒருமுறை உருண்டு விழுந்தார். தனியாகச் சமைக்க முடியாது. நான் ஒரே மகள். "பெத்தவரு, நாம பார்க்காம யாரு பார்ப்பா? இங்கன கொண்டு வந்துருவோம்" என்கிறார் என் கணவர். அவருக்கு நடந்தது எல்லாம் தெரியும். தெரிந்தும், "அது அந்தக் காலம். வயசான மனுசன், பாவம்" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். அப்பாவுக்குச் சோறு போட மாட்டேன் என்று சொல்லுகிற மகள் அல்ல நான்.

ஆனால் போன மாதம் அவர் வந்திருந்தபோது ஒன்று நடந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் ஒரே இழுப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். அப்பாவின் வலது கை மேலே எழும்பியது. விரல்கள் விரிந்திருந்தன. அது கீழே வருவதற்குள் நான் பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிவிட்டேன். அடிக்க எழுந்த கையா, மூக்கின்மேல் இருந்ததைப் பிடிக்க எழுந்த கையா, நான் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். எந்தத் தாய் பொறுத்திருப்பாள்? அப்பா திகைத்துப்போய், "ஏட்டி, ஏன் பிடுங்குத? நான் என்ன செய்யப் போறேன்?" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தடவித் தடவிக் கண்ணாடியைத் தேடினார். கண்ணில் நீர் இருந்தது. அது புரையால் வழிகிற நீரா என்றும் எனக்குத் தெரியவில்லை.

கண்தான் அவரை அடிக்க வைத்தது என்றால், கண் மறுபடி போகிற இந்த ஒரு வருஷம்தான் ஆபத்தான வருஷம். அவர் சுபாவமே அது என்றால், எந்த வருஷமும் ஆபத்துதான். இரண்டும் இல்லை, அவர் உண்மையாகவே மாறிவிட்டார் என்றால், கண் தெரியாத ஒரு கிழவரைத் தன் பேத்தியைத் தொட விடாமல் தண்டிக்கிற பாவம் எனக்கு வரும்.

இதைப் படிக்கிறவர்களில் இப்படிப்பட்ட தகப்பனாரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கிறேன். வயதும் இயலாமையும் அந்தக் கையை அடக்கினவா, இன்னும் கிளப்பினவா? அவர் மனம் நோகாமல் பிள்ளையைத் தள்ளி வைக்க வழி உண்டா? என் கணவர் காலையில் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். தண்ணீர் எடுக்க நான் தெருக் கிணற்றுக்குப் போயாக வேண்டும். இடுப்பில் குடமும் பிள்ளையுமாக வழுக்குக் கல்லில் நடக்க முடியாது. அந்தக் கொஞ்ச நேரம், என் மகளை அவரோடு விட்டுவிட்டுப் போகலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.